பலகை செய்வது அவர், எண்ணெய் போடுவது யார்?

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் இரண்டு சத்தம் கேட்கும். சமையலறையில் கத்தி, பின்னறையில் இழைப்புளி. வாரம் முழுக்க அவசர அவசரமாக எதையோ கிண்டி இறக்கிவிட்டு, சனி ஞாயிறு மட்டும் நிதானமாகச் சமைக்கிறவள் நான். சூப் இரண்டு மணி நேரம் சிறு தீயில் கிடக்கும், ரொட்டி மாவு தன்பாட்டுக்குப் பொங்கும். என் கணவர் அந்த நேரத்தில் மரம் சீவிக்கொண்டிருப்பார். மதியம் சாப்பிட உட்காரும்போது என் கையில் வெங்காய வாசனை, அவர் தலைமுடியில் மரத்தூள்.

அப்படி ஒரு சனிக்கிழமை, "உனக்கு ஒரு நல்ல கட்டிங் போர்டு செய்யலாம்னு இருக்கேன். எப்படி வேணும், சொல்லு" என்றார். "மரத்துல வேணுங்க" என்றேன். பதில் சொல்லியாயிற்று என்று நினைத்தேன். அது பாதி பதில்கூட இல்லை. மரத்தை எந்தத் திசையில் வைப்பது, எந்த மரம், மேலே என்ன பூசுவது என்று மூன்று பெரிய கேள்விகள் அதற்குள் இருந்தன. மூன்றிலும் அவருக்குப் பிடித்தது ஒன்று, எனக்குத் தோதானது இன்னொன்று. இடையில் இரண்டு பலகைகள் வீணாயின. உங்கள் வீட்டிலும் ஒருவர் மரம் செதுக்கி இன்னொருவர் அடுப்படியில் நிற்பவர் என்றால், அந்த இரண்டு பலகைகளை நீங்களாவது மிச்சம் பிடிக்கலாம்.

மரமே எதற்கு, பிளாஸ்டிக் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மரம் ஈரத்தை உறிஞ்சும், ஆகவே கிருமி தங்கும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். டீன் கிளைவர் என்ற உணவுப் பாதுகாப்பு ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1994இல் வெளியிட்ட ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. மரத்தில் விட்ட பாக்டீரியா மேற்பரப்புக்குக் கீழே இழுக்கப்பட்டு, அங்கே பெருகாமல் மெல்ல மடிந்துபோகிறது. பிளாஸ்டிக் புதிதாக இருக்கும்வரை கழுவச் சுலபம். கத்திக் கீறல் விழுந்துவிட்டால் கையால் தேய்த்து அதைச் சுத்தம் செய்வது கடினம். இதற்காக மரப்பலகையில் எதையும் வெட்டலாம் என்று அர்த்தமில்லை. பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும் எங்களிடம் தனியாக ஒரு பிளாஸ்டிக் பலகை இருக்கிறது, அது அப்படியே இருக்கும். கண்ணாடிப் பலகையைப் பற்றிப் பேசவே வேண்டாம், இரண்டே வாரத்தில் கத்தி மொட்டை.

நார் எந்தப் பக்கம் பார்க்கிறது

மரம் என்பது நீளவாக்கில் கட்டிவைத்த மெல்லிய குழாய்களின் கட்டு. ஒரு துடைப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தரையில் படுக்கவைத்து மேலே கத்தியால் வெட்டினால் ஈர்க்குகள் அறுபடும். நிமிர்த்திவைத்து நுனியின்மேல் கத்தியை இறக்கினால், ஈர்க்குகள் விலகி வழிவிட்டு, கத்தியை எடுத்ததும் மறுபடி சேர்ந்துகொள்ளும். பலகை விஷயத்தில் பாதிச் சண்டை இந்தத் துடைப்பத்தில்தான் இருக்கிறது.

முதல் வழி ஒற்றைப் பலகை. அகலமான ஒரே மரத்துண்டை எடுத்து, இழைத்து, மூலையை மழுக்கினால் முடிந்தது. ஒரு மதியத்தில் ஆகிவிடும். பார்க்கவும் இதுதான் அழகு, ரேகைகள் மலைத்தொடர் மாதிரி ஓடும். அவர் முதலில் செய்தது இதைத்தான். நான் செய்தது, வெங்காயம் நறுக்கிவிட்டு மேல்பக்கத்தை மட்டும் கழுவி, ஈர மேடையிலேயே படுக்கப்போட்டுவிட்டுத் தூங்கப் போனது. காலையில் பலகை தொட்டில் மாதிரி ஆடியது. மேடையோடு ஒட்டிக் கிடந்த பக்கம் இரவு முழுக்க ஈரத்தைக் குடித்து விரிந்துவிட்டது. காற்றுப் பட்ட பக்கம் காய்ந்து சுருங்கிவிட்டது. அன்று கேரட் நறுக்கும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் 'டொக்' என்று ஒரு பதில் சத்தம். இரண்டு பக்கமும் சமமாகக் காயட்டும் என்று நிமிர்த்திச் சாய்த்து வைத்ததில் கொஞ்சம் திரும்பியது, முழுசாகத் திரும்பவில்லை.

அவர் கோபப்படவில்லை. அதைவிட மோசம், பாடம் நடத்தினார். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையவே அசையாது. அகலத்தில்தான் ஈரத்துக்குத் தகுந்தபடி விரிந்து சுருங்கும். அந்த அகலத்திலும் இரண்டு திசை உண்டு. வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் அசைவு அதிகம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் சுமார் பாதிதான். இந்தப் பாதி என்ற சமாசாரத்தில்தான் இரண்டாவது வழியின் சூட்சுமம் இருக்கிறது.

இரண்டாவது, பட்டைகளை ஒட்டிய பலகை. எட்ஜ் கிரெய்ன் என்பார்கள். மூன்று செ.மீ. தடிமனுள்ள சாதாரண மரத்தை நீளவாக்கில் பட்டைகளாக அறுத்து, ஒவ்வொரு பட்டையையும் கால்வட்டம் திருப்பி, பக்கவாட்டு முகம் மேலே வரும்படி ஒட்டுவது. திருப்பியதும் வளையங்கள் படுத்த நிலையிலிருந்து எழுந்து நின்றுகொள்ளும். ஆகவே பலகையின் அகலவாட்டில் அசைவு குறைந்த திசை வந்துவிடுகிறது. ஒரு பட்டை முறுக்கிக்கொள்ள நினைத்தாலும் பக்கத்துப் பட்டைகள் விடாது. வேலையும் அதிகமில்லை. ஒரு நாள் அறுத்து ஒட்டி கிளாம்ப் போட்டு இறுக்கி வைத்தால், மறுநாள் இழைத்து முடிக்கலாம். பசை மட்டும் தண்ணீர் தாங்குகிற வகையாக இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் நிமிர்த்திய துடைப்பம், எண்ட் கிரெய்ன். பட்டைகளை ஒட்டிய பலகையை மறுபடி குறுக்கே துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் நிமிர்த்தி, மறுபடி ஒட்டுவது. மேலே சதுரங்கக் கட்டம் மாதிரி வரும். கத்தி நாருக்குள் இறங்குவதால் கூர் சீக்கிரம் மழுங்காது, கீறலும் அவ்வளவாகத் தெரியாது. இதில் நறுக்கும்போது சத்தம்கூட வேறு, தணிந்த ஒரு 'தம்'. எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்தது, மறைக்கவில்லை.

அவருக்கும் மனசு இதில்தான். செய்கிறவருக்கு இது திறமையைக் காட்டுகிற இடம். ஆனால் இரண்டு தடவை ஒட்டு, இரண்டு தடவை மட்டம் பார்ப்பது, அதற்கப்புறம் உப்புத்தாளோடு மல்லுக்கட்டு. குறுக்கு முகத்தை இழைக்கும் இயந்திரத்தில் கொடுக்கக்கூடாது, விளிம்பு பெயரும், கட்டையே தெறிக்கவும் செய்யும். ஆகவே 80 எண் தாளில் தொடங்கி 120, 180, 220 என்று கையால் ஏற வேண்டும். குறுக்கு முகம் கல் மாதிரி, தேய்க்கத் தேய்க்க ஒன்றும் குறையாது. மூன்று வார இறுதிகள் போயின. தடிமனும் நாலு செ.மீ.யாவது வேண்டும், மெலிதாகச் செய்தால் கீழே விழும்போது ஒட்டில் உடையும்.

அவர் செய்த தவறு ஒன்றுதான். அழகுக்காகச் சுற்றிலும் ஒரு சட்டம் ஒட்டினார். எண்ட் கிரெய்ன் பலகை நீளம் அகலம் இரண்டிலும் அசையும், சட்டமோ தன் நீளவாக்கில் அசையாது. நான் நாலைந்து தடவை கழுவியதுமே ஒரு மூலை திறந்துகொண்டது, நகம் நுழைகிற அளவு. அந்த விரிசலில் பீட்ரூட் சாறு இறங்கி, கழுவக் கழுவ ஒரு சிவப்புக் கோடாக நின்றுவிட்டது. சட்டம் இல்லாமல் செய்திருந்தால் பலகை பிழைத்திருக்கும், அதை மரத்தின் மேல் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்கிற குற்றம் வேறு. 45க்கு 30, தடிமன் 4 செ.மீ. என்றால் தேக்கிலேயே மூன்றரைக் கிலோ. ஈரக் கையில் அதைத் தூக்கி, தொட்டிக்குள் சாய்த்து, திருப்பித் தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டி அகலம் 40 செ.மீ. உள்ளே போகாது. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு மேடையெல்லாம் தண்ணீர். செய்வதற்கு முன்னால் மூன்று தடவை அளந்தார், ஒரு தடவைகூடத் தொட்டியை அளக்கவில்லை. நானும் சொல்லவில்லை. போதாததற்கு அந்தக் குறுக்கு முகம் எண்ணெயை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சும். அதற்கேற்ப அடிக்கடி பூச வேண்டும்.

நாள் முழுக்க நறுக்குகிறவர்களுக்கு, பலகையை மேடையைவிட்டு நகர்த்தவே தேவையில்லாதவர்களுக்கு எண்ட் கிரெய்ன்தான் சரி. கத்தியைத் தானே தீட்டிக்கொள்கிற ஆசாமிகளுக்கும் அதன் அருமை தெரியும். வார இறுதியில் மட்டும் பெரிதாகச் சமைத்து, அப்புறம் ஐந்து நாள் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்கிற எனக்குப் பட்டை ஒட்டிய பலகைதான் கைக்கு அடங்குகிறது. 38க்கு 28, தடிமன் 3 செ.மீ. சுமார் இரண்டு கிலோ, ஒரு கையால் தூக்கலாம். அவர் முகம் கொஞ்சம் விழுந்தது.

எந்த மரம்

இதை நீட்ட வேண்டாம். பைன் மாதிரி மெத்தென்ற மரத்தில் கத்தித் தடம் பள்ளமாக விழும். ஓக், ஆஷ் மரங்களில் துளைகள் பெரிசு, சாறு போய் உட்கார்ந்துகொள்ளும். சிவப்பு ஓக் கட்டையின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும் என்பது விளையாட்டுப் பேச்சல்ல, நிஜம். சரக்குப் பெட்டி, சரக்கு அடுக்குகிற பாலட் கட்டைகளைப் பிரித்துச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள், மெத்தைல் புரோமைடு என்ற நச்சுப் பூச்சிக்கொல்லிப் புகை போட்ட கட்டைகளில் எம்.பி. என்று முத்திரை இருக்கும். வெறும் வெப்பம் காட்டியதில் எச்.டி. என்று இருக்கும். எச்.டி. என்றாலும் அதன்மேல் வழியில் என்னென்ன கொட்டியதோ. பழைய பெயிண்ட் அடித்த மரமும் வேண்டாம், பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம்.

மிச்சம் நின்றவை மேப்பிள், பீச், வால்நட், தேக்கு. மேப்பிளும் பீச்சும் துளை நெருக்கமானவை, கெட்டி, வெளிர் நிறம். பலகைக்கென்றே பிறந்த மரங்கள் என்பார்கள். ஆனால் பீச் ஈரத்துக்கு ஆடும் ஆட்டம் அதிகம். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது வளையத் திசையில் பீச் சுமார் 12 சதவீதம் சுருங்கும், மேப்பிள் 10, தேக்கு 5 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு தோராயக் கணக்குப் போட்டோம். 28 செ.மீ. அகலத்தில், மரத்தின் ஈரப்பதம் ஐந்து சதவீதப் புள்ளி மாறினால் தேக்கு இரண்டரை மி.மீ. அசையும், பீச் ஐந்துக்கு மேல். பட்டையைத் திருப்பி ஒட்டினால் இரண்டிலும் அதில் பாதி.

தேக்குக்கு எதிரான வாதம் கூர் சம்பந்தப்பட்டது. அதற்குள் இயல்பாகவே சிலிக்கா உண்டு, மணலில் இருக்கிற அதே சரக்கு. இழைப்புளி அலகை ஒரே நாளில் இரண்டு தடவை தீட்டினார். இன்னொன்று, அதிலிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு பசையைப் பிடிக்கவிடாது. ஒட்டுகிற முகத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, உடனே ஒட்டிவிட வேண்டும். ஆனால் அதே பிசுக்குதான் நான் மறந்துபோகிற நாட்களில் பலகையைக் காப்பாற்றும். என் சமையல் கத்தி கொஞ்சம் சீக்கிரம் மழுங்கினால் மழுங்கட்டும், அதை மாதம் ஒருமுறை தீட்டுவது அவருக்குச் சந்தோஷம்தான். தேக்கே இருக்கட்டும் என்றேன். வெள்ளைப் பகுதியை ஒதுக்கி, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்தார்.

மேலே என்ன பூசுவது

இங்கேதான் நீண்ட விவாதம். ஒன்றும் பூசாமல் விடுவதும் ஒரு வழிதான், தேக்கு அதற்கும் தாங்கும். ஆனால் முதல் பீட்ரூட்டோடு பலகையின் கற்பு போய்விடும் என்றார் அவர். சரி, பூசுவோம்.

வார்னிஷ், பாலியூரத்தேன் இரண்டையும் முதலிலேயே தள்ளினோம். அவை மரத்தின்மேல் ஒரு தோலாக நிற்பவை. கத்தி பட்டால் தோல் உரியும், உரிந்த செதிள் சாலட்டுக்குள் போகும். அரக்கு அவருக்குப் பிரியமான பூச்சு, மிட்டாய்க்கும் மாத்திரைக்கும்கூட அதைத்தான் பளபளப்புக்குப் பூசுகிறார்கள். பரிமாறும் தட்டுக்குச் சரி. கத்திக்கும் வெந்நீருக்கும் கீழே நிற்காது.

சமையல் எண்ணெயைத் தடவிவிட்டால் என்ன என்று கேட்டது நான்தான். கையெட்டும் தூரத்தில் பாட்டில் இருக்கிறதே. ஆலிவ் எண்ணெயைத் தடவி ஒரு சிறு துண்டு மரத்தில் சோதித்தோம். பார்க்க அழகாக இருந்தது. சில வாரங்களில் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பழைய பலகாரத் தகரத்தைத் திறந்த வாசனை. அந்த எண்ணெய் கெட்டியாகவும் ஆகாது, காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

காற்றுப் பட்டுக் கெட்டியாகிற எண்ணெய்கள் வேறு சாதி. ஆளிவிதை, டங் (ஒரு சீன மரத்தின் விதையில் எடுப்பது), வால்நட் எண்ணெய்கள் ஆக்சிஜனை வாங்கி நாருக்குள்ளேயே உறைந்துவிடும். ஒருமுறை ஒழுங்காகப் பூசினால் நெடுநாள் நிற்கும். மரவேலைக்காரர்கள் இதைக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சுத்தமான டங் எண்ணெய் முழுசாக இறுக மாதக்கணக்கில்கூட ஆகும். கடையில் டங் என்று பெயர் போட்டு வருகிற எல்லாம் டங் அல்ல, பலவற்றில் வார்னிஷ் கலந்திருக்கும். 'பாய்ல்ட்' என்று எழுதிய ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், பெயரைப் பார்த்து வெறுமனே காய்ச்சியது என்று ஏமாறக் கூடாது. வால்நட் எண்ணெயில் எனக்குத் தயக்கம், கொட்டைகள் ஒத்துக்கொள்ளாத விருந்தாளி யாராவது வரலாம்.

இவற்றில் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது துடைத்த துணி. இந்த எண்ணெய்கள் காயும்போது சூடு கிளம்பும். பலகையில் விரிந்து கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் சூடு உள்ளேயே சேர்ந்து, நெருப்புப் பெட்டி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டிடம் ஒன்று எரிந்தது, தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். தொடக்கம், மரச்சுவரைத் துடைத்துவிட்டுப் போட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகள். அந்தத் துணியைக் கம்பியில் விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்கவைக்க வேண்டும். "நான் கவனமாத்தான் இருப்பேன்" என்றார். மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடியவர் அவர்.

கடைசியில் நின்றது மினரல் ஆயில். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று மலச்சிக்கலுக்குக் கொடுப்பார்களே, அதேதான். நிறமில்லை, மணமில்லை, கெட்டுப்போகாது, பற்றிக்கொள்கிற துணியும் இல்லை. குறை, அது ஒருநாளும் உறையாது. ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். புதுப் பலகைக்கு நாலைந்து தடவை ஊறவிட்டுப் பூச வேண்டும், அப்புறம் மாதம் ஒரு தடவை. அந்த மாதம் ஒரு தடவையை யார் செய்வது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்குச் செய்வது பிடிக்கும், எனக்குப் பயன்படுத்துவது பிடிக்கும். பராமரிப்பு இரண்டு பேருக்கும் பிடிக்காது. உண்மையில் எங்கள் பலகையின் எல்லா முடிவுகளும் இந்த ஒரு சோம்பலைச் சுற்றியே நடந்தன.

தேன்மெழுகு அந்த ஒரு மாதத்தை இரண்டு மாதமாக இழுக்கிறது. எடையில் நாலு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு. மெழுகு 63 டிகிரி வாக்கில் உருகும், ஆகவே நேரடித் தீ வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அடுப்பில் என் தக்காளி சூப், பக்கத்து அடுப்பில் அவர் மெழுகு. மெழுகு உருகி எண்ணெயோடு கலந்ததும் சமையலறை முழுக்கத் தேன்கூட்டு வாசனை, சூப்பைத் தோற்கடித்துவிட்டது. ஆறியதும் வெண்ணெய்ப் பதம். விரலில் எடுத்துத் தேய்த்து, ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்து, தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். இலைமேல் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றது. மெழுகு உருக்கிய பாத்திரம் நான் பால் காய்ச்சுகிறது என்பது எல்லாம் முடிந்தபிறகுதான் தெரிந்தது. இப்போது அது அவருடைய பாத்திரம்.

பூசுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. கடைசி உப்புத்தாளுக்கு அப்புறம் பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால், படிந்திருந்த நாரெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நிற்கும். அதை 220 தாளால் ஒருமுறை லேசாகத் தடவி எடுத்துவிட்டால் முதல் கழுவலுக்குப் பலகை சொரசொரப்பாகாது.

ஓரத்தில் சாறு வாய்க்கால் வேண்டாம் என்றேன், காய்க்கும் ரொட்டிக்கும் அது இடத்தை அடைக்கிற வேலை. ரப்பர் கால் வைக்கலாமா என்று கேட்டார். கால் வைத்தால் நழுவாது, அடியில் காற்றும் போகும், ஆனால் ஒரு பக்கம்தான் பயன்படும். எனக்கு இரண்டு பக்கமும் வேண்டும். நழுவாமல் இருக்க அடியில் ஓர் ஈரத்துணி போட்டு, நறுக்கி முடித்ததும் எடுத்துவிடுகிறேன். இரண்டு பக்கமும் கேட்டதற்குக் காரணம் வெங்காயம். அதன் கந்தக வாடை மரத்தில் ஒருநாளாவது தங்கும், உப்பும் எலுமிச்சை மூடியும் போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போகும், முழுசாக அல்ல. ஒரு பக்கம் வெங்காயம் பூண்டுக்கு, மறுபக்கம் ரொட்டிக்கும் பழத்துக்கும் என்று பிரித்தோம். எந்தப் பக்கம் எது என்று தெரிய அவர் ஒரு மூலையில் உளியால் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி எடுத்தார். குழி தட்டுப்பட்டால் வெங்காயப் பக்கம், கண்ணால் பார்க்கவே வேண்டாம், கைக்கே தெரியும் என்றார்.

அடுத்த ஞாயிறு ரொட்டி அடுப்பிலிருந்து வந்தது. ஆறும்வரை பொறுக்காமல் அவரே கத்தியை எடுத்து, குழி இருந்த பக்கத்தில் வைத்து அறுத்தார்.